ஒரு வேளைச் சோறும் ஆறு மாத்திரையும்

கிளினிக்குக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அறிவுரை சொல்லத் தெரியாது, திட்டத்தான் தெரியும். முப்பத்து நான்கு வருடம் நர்ஸ் வேலை பார்த்து எல்லாருக்கும் 'மிஸி'யாக இருந்ததில் நான் திட்டாத ஆளே மலாக்கா ஜாசின் வட்டாரத்தில் கிடையாது என்பார் என் வீட்டுக்காரர். ஆனால் இந்தத் தடவை திட்டு எனக்குத்தான். நான் செய்த ஒரு தப்பைச் சொல்லப்போகிறேன். அந்தத் தப்பிலிருந்து ஒரு மனிதர் பிழைத்தார். பிழைக்க வைத்தது நானில்லை.

அவர் பெயர் மாணிக்கம். நியாலாஸ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். வயது ஐம்பத்தாறு. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பிரஷர் மாத்திரை வாங்க எங்கள் கிளினிக்குக்கு வருவார். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு, மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையை நாங்கள் செய்வோம். பெருங்குடல் புற்றுநோய் வந்திருந்தால் சீக்கிரமே காட்டிக்கொடுக்கிற சோதனை அது. கையில் ஒரு சின்ன பாட்டிலைக் கொடுப்போம். அதன் மூடியிலேயே ஒரு குச்சி இருக்கும். நாலு இடத்தில் குத்தி, மூடி, கொண்டுவந்து தர வேண்டும், அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்கு நம்மாட்கள் படுகிற வெட்கம் இருக்கிறதே, ஐயையோ!

"எனக்கு ஒண்ணும் இல்ல மிஸி. நல்லா சாப்புடுறேன், நல்லா தூங்குறேன்," என்றார் மாணிக்கம் அண்ணன்.

"நல்லா இருக்கிறவங்களுக்குத்தாண்ணே இந்த டெஸ்ட்."

"இத எப்படி மிஸி மோட்டர் சைக்கிள்ல வச்சிக் கொண்டாறது? ரோட்டுல விழுந்து எவனாச்சும் எடுத்துப் பாத்தா?"

"பாத்தா பாத்துட்டுப் போறான்லா. அதுல உங்க பேருதான இருக்கும், என் பேரா இருக்கும்?"

இரண்டு தடவை பாட்டில் 'காணாமல்' போனது. மூன்றாம் தடவை அவர் மனைவி சரஸிடம் கொடுத்தேன். சரஸ் பள்ளிக்கூடக் கேண்டீனில் சமையல் வேலை செய்கிறவள். அதிகம் பேசமாட்டாள், பேசினால் அது நடக்கும். அடுத்த வாரமே மாணிக்கம் அண்ணன் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து கவுண்டரில் வைத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு ஓடிவிட்டார். பாட்டிலைப் பிளாஸ்டிக்கில் சுற்றி, அதை இன்னொரு பிளாஸ்டிக்கில் சுற்றி, டின்னுக்குள் வைத்திருந்தார். அப்போதுதான் சித்திரைப் புத்தாண்டு முடிந்திருந்தது. கவுண்டரில் இருந்த மலாய்ப் பையன் முறுக்கு என்று நினைத்து, "தெரிமா காசே, அங்கிள்!" என்று நன்றி சொல்லி, டின்னை நேராகத் தேத்தண்ணி அறைக்குத் தூக்கிப்போனான். மூடியைத் திறக்கப்போகிற நேரத்தில் நான் உள்ளே நுழைந்தேன். நான் போட்ட சத்தம் கார் நிறுத்துமிடம் வரைக்கும் கேட்டதாம். அந்த வருடம் எங்கள் கிளினிக்கில் யாரும் முறுக்கைத் தொடவில்லை.

சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த டின் வந்திருக்காவிட்டால் அவர் இன்று இல்லை. இரத்தம் இருந்தது.

"மூலமா இருக்கும் மிஸி. லோரி ஓட்டுற எல்லாருக்கும் உள்ளதுதான்."

"மூலமாவும் இருக்கலாம். உள்ள கேமரா விட்டுப் பாத்தாத்தான் தெரியும். நானும் சொல்ல முடியாது, நீங்களும் சொல்ல முடியாது, உங்க தோட்டத்துல வேலை வாங்குற மண்டோரும் சொல்ல முடியாது."

அவர் யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்தார். கூட வந்திருந்த சரஸ் எழவில்லை. "இவரு போவாரு மிஸி. நீங்க தேதி போடுங்க," என்றாள். என் வேலையில் பாதியை இப்படிப்பட்ட பெண்கள்தான் செய்து முடித்திருக்கிறார்கள். அவர்களுக்கு நான் என்றும் நன்றி உள்ளவள்.

பெரிய ஆஸ்பத்திரியில் கேமரா விட்டுப் பார்த்தார்கள். குடலில் கட்டி இருந்தது. வெட்டி எடுத்தார்கள். பக்கத்து நிணநீர்க் கணுக்களிலும் கொஞ்சம் தெரிந்ததால், மிச்சம் மீதி எங்கேயாவது ஒளிந்திருந்தால் அதையும் அழிக்க ஆறு மாதம் கேப்சிடபின் மாத்திரை என்று முடிவானது. காலையில் மூன்று, இரவில் மூன்று. இரண்டு வாரம் விழுங்கி ஒரு வாரம் ஓய்வு. மருந்தை ஆஸ்பத்திரி கொடுக்கும். எடை, பிரஷர் பார்க்கவும் மருந்து எப்படிப் போகிறது என்று கேட்கவும் வாராவாரம் எங்களிடம் வருவார்.

முதல் நாளே அவரை உட்காரவைத்து, விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். "வெறும் வயித்துல போடவே கூடாது. சாப்புட்டு அரை மணி நேரத்துக்குள்ள போடணும். எத மறந்தாலும் இத மட்டும் மறந்துறாதீங்க." காலைக்கும் இரவுக்கும் இடையே பன்னிரண்டு மணி நேரம் இருக்க வேண்டும் என்பது உறையிலேயே அச்சடித்திருந்தது. அதை நான் வாயால் சொல்லவில்லை. காலை, இரவு என்றால் யாருக்குத்தான் புரியாது என்று இருந்துவிட்டேன்.

இரண்டு சுற்று ஒரு தொல்லையும் இல்லாமல் போயின. மூன்றாம் சுற்றில், மார்கழி மாதம், ஒரு காலை நேரம் மாணிக்கம் அண்ணன் மஞ்சள் வேட்டியும் தாடியும் வெறுங்காலுமாக வந்து நின்றார்.

"என்னாண்ணே இது, முருகன் ஆளா ஆயிட்டீங்க?"

"ஆப்பரேஷன் ரூமுக்குள்ள தள்ளிக்கிட்டுப் போகயில வேண்டிக்கிட்டேன் மிஸி. உசுரோட வெளிய வந்தா காவடி எடுக்குறேன்னு. தைப்பூசம் வரைக்கும் நாப்பத்தெட்டு நாளு விரதம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் வீட்டுக்காரர் எட்டு வருடம் காவடி எடுத்தவர். விரதச் சோறு பொங்கிய கை என்னுடையது. எங்கள் பக்கத்து விரதத்தில் என்ன உண்டு, என்ன இல்லை என்று எனக்குத் தெரியாதா என்ன? வெறுந்தரையில் படுக்கை, காலில் செருப்பு இல்லை, கறி மீன் இல்லை, பொழுது சாய்ந்த பிறகு ஒரு வேளைச் சோறு. எல்லாம் தெரியும். அத்தனையும் தெரிந்ததுதான் என் கண்ணைக் கட்டியது.

"மருந்து ஒழுங்கா சாப்புடுறீங்களா?" என்று கேட்டேன்.

"ஒண்ணு விடாம சாப்புடுறேன் மிஸி."

மாத்திரை அட்டையை வாங்கி எண்ணினேன். கணக்குச் சரியாக இருந்தது. பாதத்தின் ஓரம் சிவந்திருந்ததைப் பார்த்தேன். "செருப்பு இல்லாம நடக்குறேன்ல," என்றார். வெளிக்கு எப்படிப் போகிறது என்று கேட்டேன். "கொஞ்சம் தண்ணியாத்தான் போவுது. சாப்பாடு மாறிப்போச்சுல்ல," என்றார். முகம் வாடியிருந்தது. விரதம்தானே என்று நானே பதில் சொல்லிக்கொண்டேன். அவர் சொன்ன ஒவ்வொன்றும் எனக்குப் புரிந்தது, அதனால் மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவருடைய சிகிச்சை அட்டையில் 'மருந்து ஒழுங்கு' என்று எழுதி, என் கையெழுத்தையும் போட்டேன்.

நாலைந்து நாள் கழித்துத் தன் பிரஷர் மாத்திரையை வாங்க அவர் மறுபடி வந்தார். மருந்து கொடுக்கும் கவுண்டரில் ஓர் இளம் மலாய்ப் பெண் இருந்தாள். எங்களிடம் வந்து ஆறு மாதம்கூட ஆகாத மருந்தாளுநர், கொன்ட்ராக்ட் வேலை. என் மகள் வயதிருக்கும். அவள் நீட்டிய பொட்டலத்தை மாணிக்கம் அண்ணனால் பிடிக்க முடியவில்லை. இரண்டு தடவை கீழே விழுந்தது. வேறு யாராக இருந்தாலும் எடுத்து மறுபடி கையில் திணித்திருப்பார்கள். அவள் கவுண்டரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து, அவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, கையைத் திருப்பிப் பார்த்தாள். விரல் நுனியெல்லாம் உரிந்து ரத்தச் சிவப்பாக இருந்தது. காலைத் தூக்கிக் காட்டச் சொன்னாள். உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம்.

நான் கேட்ட மாதிரி 'மருந்து ஒழுங்கா சாப்பிடுறீங்களா' என்று அவள் கேட்கவில்லை. "அங்கிள், நேற்று காலையில் எழுந்தது முதல் படுத்தது வரை என்னென்ன செய்தீர்கள், ஒன்று விடாமல் எனக்குச் சொல்லுங்கள்," என்று மலாயில் கேட்டாள். அவரும் சொன்னார். விடிவதற்கு முன் எழுந்து குளித்தது, சாமி கும்பிட்டது, லோரி எடுத்தது, அதற்குள் நாலு தடவை வெளிக்கு ஓடியது, இரவு ஏழு மணிக்குச் சாப்பிட்டது.

"சாப்பிட்ட பிறகு?"

"மருந்து போட்டேன்."

"எத்தனை?"

"ஆறு."

அவள் என் அறைக்கு நடந்து வரவில்லை, ஓடி வந்தாள்.

எனக்கு முதலில் வந்தது பயமில்லை, கோபம். வெளியே போய் அத்தனை பேர் முன்னால் கத்தினேன். "என்னாண்ணே, மூளை இருக்கா உங்களுக்கு? ஆறு மாத்திரையையும் ஒண்ணா யாராச்சும் போடுவாங்களா?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "நீங்கதான மிஸி சொன்னீங்க, வெறும் வயித்துல போடவே கூடாதுன்னு. நான் ஒரு வேளைதான சாப்புடுறேன். அதான் சேத்துப் போட்டுட்டேன்."

அந்த மனிதர் என் சொல்லை மீறவில்லை. அட்சரம் பிசகாமல் கேட்டிருந்தார்.

பிரஷர் பார்த்தேன். பாதாளத்தில் இருந்தது. ஒரு நாளைக்கு எட்டுத் தடவை வயிற்றுப்போக்கு, பகல் முழுக்கத் தண்ணீர்கூடச் சரியாகக் குடிக்காத உடம்பு, அதன்மேல் பிரஷரைக் குறைக்கிற மாத்திரை வேறு. இன்னும் இரண்டு நாள் இப்படியே போயிருந்தால் சிறுநீரகம் நின்றிருக்கும், ஆளும் போயிருப்பார். எங்கள் டாக்டர் மலாக்கா டவுனில் கூட்டத்துக்குப் போயிருந்தார். போனில் பிடித்தோம். எல்லா மாத்திரையையும் நிறுத்து, ட்ரிப் ஏற்று, ஆம்புலன்ஸில் அனுப்பு என்றார்.

மாணிக்கம் அண்ணன் கையை இழுத்துக்கொண்டார். "ட்ரிப் வேணாம் மிஸி. விரதம் போயிரும். இன்னும் அஞ்சு வாரம்தான். முருகனுக்குச் சொன்ன சொல்லு."

கெஞ்சினேன், மிரட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பெண்தான், "சிஸ்டர், அவர் மனைவியைக் கூப்பிடுங்கள்," என்றாள். கேண்டீனுக்குப் போன் அடித்தேன். விஷயத்தைச் சொன்னதும் சரஸ் அழவில்லை. "போன அவரு காதுல வைங்க மிஸி," என்றாள். அவள் போட்ட சத்தம் எனக்கும் கேட்டது.

"உசுரோட வந்தா எடுக்குறேன்னுதான வேண்டிக்கிட்டீங்க? அப்ப உசுரு வேணும்ல? முருகன்கிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க வண்டியில ஏறுங்க!"

கையை நீட்டினார்.

ட்ரிப் ஏறிக்கொண்டிருக்கும்போதே ஆஸ்பத்திரியின் புற்றுநோய்ப் பிரிவு டாக்டர் லைனில் வந்தார். அவருக்கு அவசரம். "இந்த மருந்து இவர் உடம்புக்கு ஒத்துவரவில்லை போலிருக்கிறது, நிறுத்திவிட வேண்டியதுதான். போன வாரம் பார்த்தீர்களே, மருந்தை ஒழுங்காக எடுத்தாரா?" என்று கேட்டார்.

பிள்ளைகளே, இந்த இடத்தைக் கவனித்துப் படியுங்கள். மேசைமேல் அந்த அட்டை கிடந்தது. 'மருந்து ஒழுங்கு', கீழே என் கையெழுத்து. 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாரும் என்னை ஒன்றும் கேட்கமாட்டார்கள். ஓய்வு பெற ஆறு மாதம்தான் இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த 'ஆமாம்' என் நாக்கு வரைக்கும் வந்தது. பக்கத்தில் அந்தப் பெண் நின்றாள். அவள் என்னைப் பார்க்கவில்லை, ட்ரிப் சொட்டுவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லை டாக்டர்," என்றேன். "ஒழுங்கு என்று எழுதியது நான்தான். அது தப்பு. அவர் விரதம் இருக்கிறார், இரண்டு வேளை மருந்தையும் ஒரே வேளையாகப் போட்டிருக்கிறார். எண்ணிக்கை சரியாக இருந்ததால் நான் நம்பிவிட்டேன். கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை."

அவர் குரல் மாறியது. "நல்லவேளை சொன்னீர்கள். அப்படியானால் மருந்தைக் குறை சொல்ல முடியாது. உடம்பு தேறட்டும், சரியான நேரத்துக்குக் கொடுத்துப் பார்ப்போம்."

நான் அந்த 'ஆமாம்'-ஐச் சொல்லியிருந்தால், அவருக்குக் கிடைக்க வேண்டிய மருந்தை அன்றைக்கே பறித்திருப்பேன். ட்ரிப் ஏற்றி உயிரைக் காப்பாற்றிவிட்டு, பின்னால் வரும் நோய்க்கு அவரைக் கொடுத்திருப்பேன்.

ஆம்புலன்ஸ் போன பிறகு தேத்தண்ணி அறையில் போய் உட்கார்ந்தேன். அந்தப் பெண் எனக்கு ஒரு மைலோ கலக்கி வைத்தாள். "உனக்கு எப்படிம்மா தோணிச்சு?" என்று கேட்டேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள். அவளுடைய அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. ஒரு வருடம் புவாசா மாதத்தில், நோன்பு திறக்கும் நேரத்தில் காலை மாத்திரையையும் இரவு மாத்திரையையும் சேர்த்துப் போட்டு, பாயிலேயே மயங்கி விழுந்திருக்கிறார். "எங்கள் வீட்டில் நடந்தது சிஸ்டர். உங்கள் விரதம் எனக்குத் தெரியாது. அதனால்தான் எல்லாவற்றையும் கேட்டேன்," என்றாள். எனக்கு எல்லாம் தெரியும் என்பதால் நான் கேட்கவில்லை.

அவளிடம் நான் கற்றதை வேறு யாரிடமும் கற்றதில்லை. அதற்குப் பிறகு நான் எந்த நோயாளியிடமும் 'ஒழுங்கா சாப்பிடுறீங்களா' என்று கேட்டதில்லை. அந்தக் கேள்விக்கு நம்மாட்களிடம் ஒரே பதில்தான் உண்டு. 'ஆமா மிஸி.' நம்மை மதிக்கிறார்கள், பாவம், இல்லை என்று சொல்ல அவர்களுக்கு வாய் வராது. நேற்று எழுந்தது முதல் சொல்லுங்கள் என்று கேளுங்கள். நேரமில்லை என்று என்னிடம் சொல்லாதீர்கள். அவள் அதைக் கேட்டு முடிக்க நாலு நிமிடம்கூட ஆகவில்லை. அந்தப் பெண் பிறகு சரவாக்குக்கு மாற்றலாகிப் போனாள். எங்கே இருந்தாலும் அவள் நன்றாக இருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் நான் வார்டுக்குப் போனேன். மாணிக்கம் அண்ணன் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன். இத்தனை வருட வேலையில் ஒரு நோயாளியிடம் நான் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவருக்குக் கூச்சமாகப் போய்விட்டது. "விடுங்க மிஸி. எனக்கு ஒரே ஒரு கவலைதான். காவடி இந்த வருசம் இல்லையே," என்றார். அந்த வருடம் தைப்பூசத்துக்கு அவர் பேருக்குச் சரஸ்தான் பால்குடம் எடுத்தாள். அவர் காலில் மருந்து பூசி, சாக்ஸ் போட்டு, கோவில் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார்.

மருந்தைக் கொஞ்சம் குறைத்து மறுபடி ஆரம்பித்தார்கள். காலை இட்லி, மூன்று மாத்திரை. இரவுச் சோறு, மூன்று மாத்திரை. சரஸ் போனில் அலாரம் வைத்து நின்று பார்ப்பாள். எல்லாச் சுற்றையும் முடித்தார். அதோடு நிற்கவில்லை. கூடப்பிறந்தவர்களுக்கும் வரலாம் என்று டாக்டர் சொன்னதைக் கேட்டு, தம்பியையும் தங்கச்சியையும் தானே லோரியில் ஏற்றிக்கொண்டு வந்து பரிசோதனைக்கு விட்டார். தம்பிக்குக் குடலில் ஒரு சதைமுளை இருந்தது. அது புற்றாக மாறுவதற்கு முன்னால், கேமரா விட்டபோதே எடுத்துவிட்டார்கள். இதைவிடப் பெரிய சந்தோஷம் நம் வேலையில் கிடையாது, பிள்ளைகளே. வராமலேயே போன நோயை யாரும் பேசமாட்டார்கள், நீங்களாவது பேசுங்கள்.

அடுத்த வருடத் தைப்பூசத்துக்குள் நான் ஓய்வு பெற்றுவிட்டேன். ரோட்டோரத்தில் மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு நின்றிருந்தேன். காவடி எடுத்து வருகிறவர்களின் காலில் தண்ணீர் ஊற்றிக் கும்பிடுவது எங்கள் வழக்கம். உறுமி மேளம் காதைப் பிளந்தது. கூட்டத்துக்குள் மாணிக்கம் அண்ணன் வந்தார். தோளில் மயிலிறகு வைத்த காவடி. உடம்பில் அலகு இல்லை, அதை டாக்டர் வேண்டாம் என்றிருந்தார். கடைசியாகச் செய்த கேமராப் பரிசோதனையில் குடல் சுத்தம். பின்னால் சரஸ் ஒரு தண்ணீர் பாட்டிலோடு வந்தாள்.

என்னைப் பார்த்ததும் நின்றார். வெறுங்காலில் தண்ணீர் ஊற்றினேன். குனிந்து அவர் கணுக்காலைப் பிடித்தேன்.

"கால தூக்குங்கண்ணே."

அவருக்குப் புரிந்தது. ஒரு கையால் சரஸின் தோளைப் பிடித்துக்கொண்டு, காவடியோடு ஒரு காலைத் தூக்கினார். பிறகு மற்றதைத் தூக்கினார். என் முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். கொப்புளம் இல்லை, உரியவில்லை, சிவப்பே இல்லை. தார் ரோட்டு அழுக்கு மட்டும்தான் இருந்தது. நான் பக்தி முற்றி விழுந்துவிட்டேன் என்று நினைத்திருக்க வேண்டும், பின்னால் நின்ற இரண்டு பெண்களும் என்னோடு சேர்ந்து அவர் காலில் விழுந்தார்கள்.

"நல்லா இருக்குண்ணே, போங்க," என்றேன்.